சாகாவரம்: நிபந்தனைகளுக்கு உட்பட்டது

துரியோதனன் மல்லாக்கப் படுத்திருந்தான். களத்துமேட்டில் மண் குழைத்துச் செய்த உருவம். தலையிலிருந்து கால்வரை நடந்தால் இருபது முப்பது எட்டு ஆகும். பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாரதக் கூத்தின் பதினெட்டாம் நாள் காலை அது. இரவெல்லாம் ஆடிய வேஷம் கலையாமல் வந்த பீமன், கதையைத் தூக்கி அந்த மண்தொடையில் அடித்தான். உள்ளே புதைத்து வைத்திருந்த சிவப்புத் தண்ணீர் பீறிட்டதும் கூட்டம் ஓவென்று கத்தியது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன் தோளில் இடித்துக் கேட்டான். "போன தடவையும் இவரைத்தானே மாமா கொன்னாங்க? தோர் மாதிரி திரும்பத் திரும்ப வர்றாரே. இவரும் சாகாதவரா?"

சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி லேசானது இல்லை. தோர் மாதிரி காமிக்ஸ்களிலும் அவற்றை வைத்து எடுத்த படங்களிலும் வரும் சாகாத வீரர்களைப் பற்றிப் பேசும்போது பெரியவர்களே குழம்பிக்கொள்கிறார்கள். சாகாதவன் என்றால் யாராலும் கொல்ல முடியாதவன் என்கிறார்கள். சாகாதவன் என்றாலே கடவுள் என்கிறார்கள். அப்புறம், இதெல்லாம் நம் புராணத்திலிருந்து சுட்டது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தால் அதையும் நம்பிவிடுகிறார்கள். மூன்றும் தவறு. ஏன் தவறு என்பதை, நம் ஊர்ப் பக்கத்துப் பொருள்களை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல். இந்த வகைப் பாத்திரங்களை அதிமனிதர் என்று குறிப்பிடப் போகிறேன். மனித உருவமும் மனித மனமும் இருக்கும், மனித உடலின் எல்லை மட்டும் இருக்காது. அவ்வளவுதான் பொருள். அதிமனிதர் எல்லோரும் சாகாதவர்கள் இல்லை. ஸ்பைடர்மேன் அதிமனிதன்தான். ஆனால் வயதானால் அவனும் போய்ச்சேர வேண்டியவன்தான்.

## புளியமரம், கருங்கல், வாழை

சாலையோரப் புளியமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த நாளிலும் அது இதே தடிமனில்தான் இருந்தது என்பார்கள். அதற்கு மூப்பு தெரிவதில்லை. ஆனால் நான்குவழிச் சாலை போட ஆள் வந்தால், சாயங்காலத்துக்குள் மரம் லாரியில் ஏறிவிடும். இதற்குப் பெயர் மூப்பின்மை. காலம் கொல்லாது, கோடாலி கொல்லும்.

கிருஷ்ணகிரிக் கருங்கல் வேறு மாதிரி. வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்வதில்லை, சம்மட்டி பட்டால் சம்மட்டிதான் எகிறும். இது ஊறுபடாமை. அப்படியென்றால் உடையவே உடையாதா? கல்குவாரியில் வேலை பார்த்தவரைக் கேளுங்கள். கல்லின் ஓட்டம் பார்த்து, வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு வைத்து அடித்தால் நூல் பிடித்ததுபோலப் பிளந்துகொள்ளும். எங்கே அடிப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வாழை மூன்றாவது ரகம். தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்துவிடுகிறோம், மரம் நிஜமாகவே செத்துவிடுகிறது. ஆனால் பக்கத்தில் கன்று நிற்கிறது. இது மீண்டெழுதல்.

காமிக்ஸில் வரும் சாகாதவர் யாரைப் பார்த்தாலும் இந்த மூன்றில் ஒன்றோ, இரண்டு கலந்தோதான் இருப்பார். மூன்றும் முழுமையாகச் சேர்ந்தவர் அபூர்வம். காரணம் எளிது. எதுவுமே ஆகாத ஒருவனை வைத்து என்ன கதை சொல்வது?

ஆக, ஒருவர் சாகாதவர் என்று யாராவது சொன்னால், எந்த விதத்தில் என்று கேட்க வேண்டும். வயதாகாதா, அடிபடாதா, செத்தாலும் திரும்பி வருவாரா? இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## அமரர் என்ற சொல்

நம் மொழியிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. அமரர் என்றால் மரணம் இல்லாதவர், அதாவது தேவர். ஆனால் தருமபுரி பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய சுவரொட்டியில் ஒரு பெயருக்கு முன்னால் அமரர் என்று இருந்தால், அவர் காலமாகிவிட்டார் என்று பொருள். சாகாதவர் என்ற சொல்லைச் செத்தவருக்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறோம்!

சிரஞ்சீவி என்ற சொல்லும் நாம் நினைப்பதைச் சொல்லவில்லை. சிரம் என்றால் இங்கே தலை இல்லை, நெடுங்காலம். நெடுங்காலம் வாழ்பவர் சிரஞ்சீவி. முடிவே இல்லாதவர் என்று அந்தச் சொல் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அசுவத்தாமன், மகாபலி, வியாசர், அனுமன், விபீஷணன், கிருபர், பரசுராமர் என்று ஏழு பேரை வழக்கமாக எண்ணுவார்கள். அந்த ஏழில் ஒருவருக்கு அது வரமே இல்லை, சாபம். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

தேவர்களின் உடல் எப்படி இருக்கும் என்பதற்கு நளன் கதையில் ஒரு பட்டியல் உண்டு. சுயம்வரத்தில் நான்கு தேவர்கள் நளனைப் போலவே உருவெடுத்து உட்கார்ந்துவிட்டார்கள். தமயந்தி எப்படிக் கண்டுபிடித்தாள்? தேவர்களின் கண் இமைக்கவில்லை, வியர்வை இல்லை, மாலை வாடவில்லை, கால் நிலத்தில் படவில்லை. வியர்த்து, புழுதி படிந்து, இமைகொட்டிக்கொண்டு இருந்தவன் நளன். இமையவர் என்று தேவருக்குப் பெயர் வந்ததும் இந்தக் கணக்கில்தான். கிரேக்கர்கள் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள். அவர்களுடைய கடவுளரின் நரம்பில் ஓடுவது இரத்தம் இல்லை, இகோர் என்ற வேறொரு திரவம்.

தேவர்கள் உண்பது நமக்கு அமிர்தம், கிரேக்கருக்கு அம்ப்ரோசியா. இரண்டு சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை, இரண்டுக்கும் பொருள் சாவின்மை. சாகாமல் இருப்பதற்கு எதையோ சாப்பிட வேண்டியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாகாமை உடம்போடு பிறந்ததாக இல்லை. வெளியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து வருவது எதுவும் தீர்ந்துபோகலாம், திருட்டுப் போகலாம், பங்கு பிரிப்பதில் சண்டை வரலாம். பாற்கடல் கதை முழுக்க அந்தச் சண்டைதானே.

## அதியமானின் கனியும் இதுன்னின் பழமும்

தருமபுரிக்காரர்களுக்கு இந்தப் பகுதியை நான் விளக்கவே வேண்டியதில்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டவரை நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியை அரும்பாடுபட்டுப் பெற்று, அதன் பயனை வாயைத் திறந்து சொல்லாமல் ஔவையிடம் கொடுத்துவிட்டான். உண்டபிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. புறநானூற்றின் 91-வது பாட்டு இதைத்தான் பேசுகிறது. "சாதல் நீங்க" எனக்குக் கொடுத்தாயே என்று நெகிழ்ந்துபோகிறார். நீலமணி மிடற்று ஒருவன்போல நீ நிலைத்திரு என்று வாழ்த்துகிறார். நஞ்சை உண்டும் சாகாதவனை உவமையாக எடுத்ததை நினைத்து நான் இன்றும் வியப்பதுண்டு. கனியைச் சாப்பிட்டவர் ஔவை, வாழ்த்தில் நஞ்சுண்டவன், போரில் மாண்டவன் அதியமான்.

இப்போது வடதுருவத்துப் பக்கம் போவோம். ஐஸ்லாந்தில் எழுதி வைக்கப்பட்ட நார்ஸ் புராணத்தில், அதாவது வட ஐரோப்பாவின் பழைய புராணத்தில், இதுன் என்ற தேவதையிடம் ஆப்பிள்கள் இருக்கும். தோர், ஓடின் உட்பட எல்லாத் தேவர்களும் அவற்றை உண்டுதான் இளமையாக இருக்கிறார்கள். ஒருமுறை, தேவர்களோடு திரியும் லோகி என்ற தந்திரக்காரனின் சூழ்ச்சியால் ஓர் அரக்கன் இதுன்னைத் தூக்கிப் போய்விட, தேவர்களுக்கு மளமளவென்று நரை விழுந்து கூன் விழுந்துவிடும். அவளை மீட்ட பிறகுதான் பழைய நிலைக்கு வருவார்கள். தோர் ஒரு புளியமரம். மூப்பு தள்ளிப்போகிறது, ஆனால் கொல்லலாம். ரக்னரோக் என்ற கடைசிப் போரில் உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைக் கொன்றுவிட்டு, அதன் விஷத்தால் ஒன்பது அடி நடந்து செத்து விழுவான் என்பது ஏற்கெனவே எழுதப்பட்ட விதி.

ஸ்டான் லீ, லாரி லீபர், ஜாக் கிர்பி மூவரும் 1962-ல் தோரைக் காமிக்ஸுக்குக் கொண்டுவந்தபோது அவன் டொனால்ட் பிளேக் என்ற கால் ஊனமுள்ள மருத்துவர். நார்வேயில் ஒரு குகையில் கிடைத்த கைத்தடியைத் தரையில் தட்டியதும் தடி சம்மட்டியாகும், அவர் தோராக மாறுவார். தகுதி உள்ளவர் எவர் இந்தச் சம்மட்டியைப் பிடித்தாலும் தோரின் ஆற்றல் அவருக்கு வரும் என்று அதன்மேல் எழுதியிருந்தது. அதாவது, ஆற்றல் ஆளிடம் இல்லை, வேஷத்தில் இருக்கிறது. கூத்து பார்த்தவருக்கு இது புரியும். கிரீடமும் புஜமும் கட்டுகிற வரைக்கும் அவர் நம்மோடு டீ குடித்த ஆள். கட்டிய பிறகு துரியோதனன், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட மாட்டோம்.

மூப்பின்மையைக் கேட்டு வாங்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கிரேக்கக் கதை உண்டு. விடியலின் தேவதை ஈயோஸ், தித்தோனஸ் என்ற மனிதனைக் காதலித்து, அவனுக்குச் சாவே வரக்கூடாது என்று சீயஸிடம் வரம் கேட்டாள். இளமையும் வேண்டும் என்று கேட்கவில்லை. அவன் சாகவும் இல்லை, மூப்பும் நிற்கவில்லை. சுருங்கிச் சுருங்கி, கடைசியில் குரல் மட்டும் மிஞ்சிய சிள்வண்டாகிவிட்டான். கோடை மத்தியானத்தில் புளியந்தோப்பில் சிள்வண்டு கத்தும்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

## வரத்தில் இருக்கும் ஓட்டை

இரணியன் கதையை இங்கே எல்லோரும் கூத்தாகவே பார்த்திருப்போம். மனிதனாலும் மிருகத்தாலும் சாகக்கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது. வக்கீல் வைத்து எழுதியதுபோன்ற வரம். பட்டியலில் வராத இடம் ஒன்று மிஞ்சியது. அந்தி நேரம், வாசற்படி, நரசிம்மம்.

நார்ஸ் புராணத்தில் பால்டர் என்ற அழகனுக்கு இதே கதி. அவன் தாய் ஃபிரிக், உலகத்திலுள்ள ஒவ்வொரு பொருளிடமும் என் மகனுக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். ஒரே ஒரு செடி சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். அது புல்லுருவி இனம். நம் மாந்தோப்புகளில் கிளையில் தொற்றிக்கொண்டு மரத்தின் சாரத்தை உறிஞ்சுமே, அதன் உறவு. லோகி அதை ஈட்டியாக்கி, கண் தெரியாத ஹோட் கையில் கொடுத்து எறியவைத்தான். பால்டர் செத்தான். மாந்தோப்பு வைத்திருப்பவர் எவரும் புல்லுருவியைச் சின்னச் செடி என்று அலட்சியமாக விட்டிருக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

கிரேக்க வீரன் அகிலீஸின் குதிகால், துரியோதனனின் தொடை, சூப்பர்மேனை வீழ்த்தும் கிரிப்டோனைட் கல் எல்லாம் கருங்கல்லில் போட்ட துளைகள். காமிக்ஸ் எழுத்தாளர்கள் புராணத்திலிருந்து எடுத்துக்கொண்டது கடவுளரின் பெயரும் உடையும்தான் என்று நினைப்போம். அவர்கள் எடுத்ததில் விலை அதிகமானது இந்த நிபந்தனைதான் என்பது என் கட்சி. வொண்டர் வுமனைப் பாருங்கள். 1941-ல் அவள் முதன்முதலில் வந்த கதையிலேயே, அமேசான் பெண்களின் தீவில் இருக்கும்வரை சாவில்லாத வாழ்வு. ஓர் ஆணோடு தீவை விட்டு வெளியேறுவதால் அந்த உரிமையை இழக்கிறாள். பெயர் புதிது, நிபந்தனை பழையது.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால் இவ்வளவுதான்: புராணத்தில் சாகாமை என்பது பெரும்பாலும் ஓர் ஒப்பந்தம். உணவு, இடம், பொருள், வார்த்தை என்று ஏதோ ஒன்றைச் சார்ந்து நிற்கும். கதை பிறப்பது அந்தச் சார்பு அறுகிற இடத்தில்.

## மல்லச்சந்திரத்துக் கல்வீடுகளும் ஜாக் கிர்பியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பாறைக் குன்றின்மேல் கல்திட்டைகள் இருக்கின்றன. கல்திட்டை என்றால், பெரிய பலகைக் கற்களைச் சுவர்போல நிறுத்தி, மேலே இன்னொரு பலகையை மூடிபோல ஏற்றி வைத்த பழங்கால ஈமச்சின்னம். இரும்புக் காலத்து மக்கள் தங்கள் இறந்தோருக்காகக் கட்டியவை. ஆனால் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இவற்றுக்குப் பாண்டவர் வீடு என்றுதான் பெயர். சில இடங்களில் குள்ளர் வீடு என்பார்கள். இவ்வளவு பெரிய கல்லைச் சாதாரண ஆள் தூக்கியிருக்க முடியாது, பீமன் தூக்கியிருப்பான் என்பது நியாயமான கற்பனைதான்.

இந்தக் கற்பனையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் கிடைப்பது எட்டர்னல்ஸ் என்ற காமிக்ஸ் தொடர்.

ஜாக் கிர்பி 1970-ல், தோரை வெளியிட்ட காமிக்ஸ் நிறுவனமான மார்வெலை விட்டு, போட்டி நிறுவனமான டிசிக்குப் போனார். அங்கே 1971-ல் புதிய கடவுளர் பற்றிய ஒரு தொடரைத் தொடங்கினார். அதன் முதல் பக்கமே பழைய கடவுளர் செத்துப்போனதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். பிறகு மார்வெலுக்குத் திரும்பி வந்து, 1976 ஜூலை தேதியிட்ட இதழில் எட்டர்னல்ஸைத் தொடங்கினார். கதை இதுதான்: ஆதியில் செலஸ்டியல்கள் என்ற, மலையளவு உயரமான விண்வெளிவாசிகள் பூமிக்கு வந்தார்கள். ஆதிமனிதரை வைத்துச் சோதனை செய்தார்கள். அதிலிருந்து மூன்று கிளை. சாதாரண மனிதர் ஒன்று. உருவம் நிலைக்காத டீவியன்ட்கள் ஒன்று. அழகும் ஆற்றலும் மூப்பின்மையும் உள்ள எட்டர்னல்கள் ஒன்று. பிற்காலத்து மனிதர்கள் எட்டர்னல்களைப் பார்த்துக் கடவுள் என்றும், டீவியன்ட்களைப் பார்த்து அசுரன் என்றும் நினைத்துவிட்டார்கள்.

பெயர்களைக் கவனித்தால் விளையாட்டு புரியும். சூராஸ் என்பவரைக் கிரேக்கர்கள் சீயஸ் ஆக்கினார்கள். தீனா அதீனா ஆனாள். மக்காரி மெர்க்குரி, செர்சி சர்சி. புராணத்தில் இருக்கும் பெயர், உண்மையான பெயரைத் தப்பாகக் கேட்டு எழுதியது என்பது கிர்பியின் தந்திரம். நம் ஊர்க்காரர் கல்லைப் பார்த்துப் பீமனைக் கற்பனை செய்தார். கிர்பி பீமனைப் பார்த்து, இவனுக்குப் பின்னால் நிஜமாகவே ஓர் ஆள் இருந்தால் எப்படி இருப்பான் என்று கற்பனை செய்தார்.

கடவுளர் முன்னொரு காலத்தில் மனிதராகவோ வேறு ஆட்களாகவோ இருந்தவர்கள் என்று விளக்குவதற்கு யூஹெமரிசம் என்று பெயர். யூஹெமரஸ் என்ற பழைய கிரேக்க எழுத்தாளரின் பெயரிலிருந்து வந்தது. கிர்பி அதைக் கண்டுபிடிக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் நார்ஸ் கதைகளைத் தொகுத்தபோது, இந்தத் தேவர்கள் உண்மையில் ட்ராய் நகரத்து ஆட்கள் என்று முன்னுரையில் எழுதிவிட்டார். அவர் கிறித்தவர். கடவுள் என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது, கதைகளை விடவும் மனமில்லை.

1968-ல் வெளிவந்த எரிக் ஃபான் டேனிகனின் நூல், பழைய நாகரிகங்களைத் தொடக்கிவைத்தவர்கள் விண்வெளியிலிருந்து வந்தவர்கள் என்று கிளப்பிவிட்ட பரபரப்பில்தான் கிர்பிக்கு இந்தக் கரு கிடைத்தது. இதில் ஒரு எச்சரிக்கை. கதையாக அது அருமை, வரலாறாக ஒன்றுமில்லை. மல்லச்சந்திரத்துக் கற்களை அடுக்கியவர்கள் நம்மைப் போன்ற கைகால் உள்ளவர்கள். பாறையைச் சூடேற்றிப் பிளக்கவும், சரிவில் நகர்த்தவும், நெம்புகோல் போடவும் தெரிந்தவர்கள். அந்தத் திறமையைப் பீமனிடம் கொடுப்பதும் வேற்றுக்கிரகத்தானிடம் கொடுப்பதும் அவர்களிடமிருந்து பிடுங்குவதுதான்.

சரி, எட்டர்னல் ஒருவனை எப்படிக் கொல்வது? உடலின் ஒவ்வொரு அணுவையும் அவனுடைய மனமே கட்டி வைத்திருக்கிறது. அதனால் வெட்டினாலும் ஒட்டிக்கொள்வான். அணுக்களைத் திரும்பச் சேரமுடியாதபடி சிதறடித்தால் மட்டுமே போவான். மூப்பின்மையும் ஊறுபடாமையும் சேர்ந்த கலவை. கிர்பியின் தொடர் 19 இதழ்களோடு நின்றுவிட்டது. ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த ஒப்பந்தத்தில் புதுப்புது வரி சேர்த்தார்கள். 2021-ல் கீரன் கில்லன் எழுதிய தொடரில் சேர்ந்த வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எட்டர்னல் செத்தால் பூமியே அவரை மறுபடி உண்டாக்கிக் கொடுத்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு ஈடாக எங்கேயோ ஒரு சாதாரண மனிதர் சாகிறார்.  எட்டர்னல்களுக்கே இது ரொம்பக் காலம் தெரியாது.

எட்டர்னல்களில் கில்கமேஷ் என்று ஒருவர் உண்டு. மெசபடோமியாவின் களிமண் பலகைகளில் இருக்கும் பழைய கில்கமேஷ் யார் தெரியுமா? நண்பன் செத்ததும் சாவுக்குப் பயந்து, சாகாமையைத் தேடி உலகின் கோடிவரை போன அரசன். இளமை தரும் செடி கையில் கிடைத்தும், குளிக்க இறங்கிய நேரத்தில் பாம்பு அதைத் தின்றுவிட்டுச் சட்டையை உரித்துப் போட்டுப் போய்விடும். வெறுங்கையோடு ஊர் திரும்பினான். மனிதனுக்குச் சாகாமை இல்லை என்பதுதான் அந்தக் காவியத்தின் முடிவு. அவன் பெயரையே எடுத்துச் சாகாதவனுக்கு வைத்தது குறும்பா, கவனக்குறைவா என்று எனக்கு இன்றுவரை ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை.

## செத்துத் தெய்வமாவது

நம் பக்கத்து வழி இதற்கு நேர்மாறு. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கும் சண்டையிலோ ஊரைக் காக்கும் சண்டையிலோ செத்தவனுக்கு நட்ட கல். கையில் வில்லோ வாளோ, உடம்பில் தைத்த அம்பு, சில கற்களில் காலடியில் ஒரு கெண்டி. அந்தக் கல்லே வேடியப்பனாகி இன்றும் பொங்கலும் கிடாவும் வாங்கிக்கொண்டிருக்கிறது. எட்டர்னல் சாகாததால் கடவுள் என்று நினைக்கப்பட்டான். வேடியப்பன் செத்ததால்தான் கடவுள். கிரேக்கத்தின் ஹெராக்ளிசும் இந்தக் கட்சிதான். சிதைத் தீயில் அவனுடைய மனிதப் பங்கு எரிந்த பிறகே ஒலிம்பஸுக்குப் போனான்.

## தோர் நம்ம இந்திரனா?

வாட்ஸப் செய்திக்குச் சுருக்கமாகப் பதில். தோர், இந்திரன் இருவரும் இடிமின்னல் தேவர்கள், இருவரும் பெரும்பாம்பு ஒன்றோடு மோதியவர்கள். இந்த ஒற்றுமை நிஜம். அம்ப்ரோசியாவும் அமிர்தமும் ஒரே வேர் என்று பார்த்தோமே, அதுபோல வடமொழியும் ஐரோப்பிய மொழிகளும் ஒரு பழைய மொழிக் குடும்பத்தின் பிள்ளைகள். கதைகளும் சேர்ந்தே வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பங்காளி வீட்டுப் பிள்ளைக்கு நம் தாத்தாவின் மூக்கு இருந்தால் திருடினான் என்றா சொல்வோம்?

## காலண்டரைத் தள்ளி வைக்கும் வித்தை

இப்போது என் அக்கா மகனின் கேள்விக்கு வருகிறேன். துரியோதனன் ஏன் அடுத்த திருவிழாவுக்கும் வருகிறான்? கதைக்குள் அவன் சாகாதவன் இல்லை. கதையைச் சொல்கிற முறை அவனைச் சாகவிடுவதில்லை. திருவிழா மறுபடி வரும், மண் மறுபடி குழைக்கப்படும். இது முன்பு சொன்ன மூன்றிலும் சேராத நான்காவது வகை. படிப்பவர்கள் அதிகம் கவனிக்காததும் இதுதான்.

சூப்பர்மேன் 1938-ல் வந்தவர். கணக்குப் பார்த்தால் இந்நேரம் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். இன்னும் முப்பதுகளில் இருக்கிறார். நிறுவனங்கள் செய்வது இதுதான்: கதை தொடங்கிய ஆண்டை நிலையாக வைக்காமல், இன்றிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டு முன்னால் என்று தள்ளிக்கொண்டே வருவது. இதை நகரும் காலக்கணக்கு என்று சொல்லலாம். அயர்ன்மேன் 1963-ல் வந்தபோது வியட்நாமில் சிறைப்பட்டதாகக் கதை. பின்னாளில் அதையே ஆப்கானிஸ்தான் என்று மாற்றினார்கள். போர் மாறியது, ஆள் மாறவில்லை, வயதும் ஏறவில்லை. வரமும் அமிர்தமும் இல்லாமலே சாகாத ஆள்!

சாவும் இதே கணக்கில்தான் நடக்கும். 1992 நவம்பரில் சூப்பர்மேன் செத்த இதழ் வந்தபோது அமெரிக்காவில் கடை வாசலில் வரிசை நின்றது. அடுத்த ஆண்டே திரும்பி வந்துவிட்டார். விற்கிற பாத்திரத்தை எந்தப் பதிப்பகமும் முழுசாகப் புதைக்காது.

புராணத்தை எடுத்துக்கொள்வதிலும் ஒரு வியாபார வசதி இருக்கிறது. தோரின் பழைய கதைக்கு யாரும் உரிமை கேட்க முடியாது, அது எல்லோருடைய சொத்து. ஆனால் புராணத்துத் தோருக்குச் சிவப்புத் தாடி. ஆட்டுக்கிடாய் பூட்டிய வண்டியில் வருவான், இரவில் அந்தக் கிடாய்களையே அடித்துச் சமைத்துத் தின்றுவிட்டு, எலும்பு உடையாமல் தோலோடு வைத்து மறுநாள் காலையில் சம்மட்டியால் எழுப்பிவிடுவான். மார்வெல் வரைந்த தோருக்குப் பொன்னிற முடி, மழித்த முகம், சிறகு வைத்த தலைக்கவசம். அந்த உருவத்துக்கு மட்டும் பதிப்புரிமை உண்டு, அதாவது அதை நகலெடுக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். கிடாயை விட்டுவிட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மீண்டெழுதலுக்கு அதைவிட ருசியான உதாரணம் கிடையாது.

தமிழில் படித்தவர்களுக்கு வாழை வகைக்கு வேறு உதாரணமே தேவையில்லை. லீ ஃபால்க் 1936-ல் படைத்த ஃபேன்டம், தமிழில் வேதாளர் என்றும் மாயாவி என்றும் வந்தவர். 1972-ல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம். நானூறு ஆண்டாகச் சாகாத மனிதன் என்று காட்டுவாசிகள் நம்புகிறார்கள். உண்மையில் அப்பாவுக்குப் பிறகு மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொள்கிறார், இப்போது இருப்பவர் 21-வது ஆள். வாழையடி வாழை. அதிமனித ஆற்றல் ஒன்றுமே இல்லாமல், ஒரு முகமூடியையும் ஊர்ப்பேச்சையும் வைத்துச் செய்த சாகாமை.

படுகளம் முடிந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்து, சாயங்காலத் தீமிதிக்கு இடையில் கிடைத்த நேரத்தில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அவன் சிரஞ்சீவிப் பட்டியலில் சாபம் வாங்கியவர் யார் என்றான். அசுவத்தாமன் என்றேன். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொன்று, கருவிலிருந்த பிள்ளைமீதும் அத்திரம் ஏவிய பாவத்துக்கு, நெற்றி மணியைப் பிடுங்கிக்கொண்டு, சீழும் இரத்தமுமாக 3000 ஆண்டு தனியே அலைய வேண்டும் என்று கண்ணன் சபித்தான். மகாபாரதத்தின் சௌப்திக பர்வத்தில் ஆண்டுக் கணக்கோடு இருக்கிறது. வடக்கே நர்மதைக் கரைக் காடுகளில் அவரைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் உண்டு.

அவன் போனை எடுத்து ஏதோ கணக்குப் போட்டான். கலியுகம் பிறந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டான். பஞ்சாங்கப்படி ஐயாயிரத்துச் சொச்சம், பாரதப் போர் அதற்கும் கொஞ்சம் முந்தி என்றேன்.

"அப்ப தண்டனை முடிஞ்சு ரெண்டாயிரம் வருஷம் ஆச்சே மாமா. யாரும் அவர்கிட்ட சொல்லலையா?"